இலை கட்டிய வாசல்

மனோகரி வியட்நாமுக்குப் போகிறாள் என்ற செய்தி சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்துத் தமிழர்களிடையே பரவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. கோயிலில் அன்னதான வரிசையில் நின்ற ஒருத்தி சொன்னாள், பின்னால் நின்றவள் நம்பவில்லை, அவளுக்குப் பின்னால் நின்றவள் நேரே மனோகரியின் கணவன் சண்முகநாதனிடமே போய்க் கேட்டாள். "எனக்கென்ன தெரியும், அவவைக் கேளுங்கோ" என்று மனைவியின் பக்கம் கையைக் காட்டிவிட்டு அவர் பாயசத்துக்குப் போனார்.

ஆச்சரியப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தது. சுவிஸ் தமிழர்கள் பயணம் போகாதவர்கள் அல்ல. லண்டனுக்குக் கலியாணத்துக்குப் போவார்கள். பாரிசுக்குச் சாமத்தியச் சடங்குக்கு, கனடாவுக்குச் செத்தவீட்டுக்கு, ஊருக்குத் தேர்த்திருவிழாவுக்கு. போகிற இடத்தில் படுக்க ஒரு மெத்தையும், விமான நிலையத்துக்கு வர ஒரு மச்சானும் இருக்க வேண்டும். சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு ஒருவர் போவது என்பது கிட்டத்தட்ட மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்று சண்முகநாதன் வீட்டுக்கு வந்து கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

"பிறகு ஆரைப் பார்க்கப் போறீர்?"

"மலையில வயல் கட்டி வைச்சிருக்கினமாம். படி படியா. அதைப் பார்க்க."

"ரிக்கற் போட்டு வயல் பார்க்கப் போற முதல் தமிழிச்சி நீர்தான்."

சினேகிதி சுகந்தி தொலைபேசியில் இன்னும் நேரடியாகச் சொன்னாள். "மகளுக்கு வயிறு இறங்கிக்கொண்டு வருது. தாய்க்காறி மலை ஏறப் போறாவாம். நல்லா இருக்கு மனோ, வடிவா இருக்கு."

"பிள்ளை கிடைக்க முதல் வந்திடுவன்."

"வந்து? அந்தக் களைப்போட போய்ப் பத்தியம் காய்ச்சப் போறீரோ?"

மனோகரி பேச்சை மாற்றினாள். பத்தியம் காய்ச்ச அவளை யாரும் கூப்பிடவில்லை என்பதை அவள் சுகந்தியிடம் சொல்லவில்லை. கணவனிடமும் சொல்லவில்லை.

அந்தப் பேச்சு ஆவணி மாதம் நடந்தது. மகள் பிரசாந்தினி பேர்ணில் இருந்தாள். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை, கணவன் ஆரன், ஒரு மூன்று அறை வீடு. மனோகரி அன்றைக்குச் சூரிச் லாங்ஸ்ட்ராஸே தெருத் தமிழ்க் கடையில் வாங்கிய மல்லி, மிளகு, திப்பிலி, உள்ளி எல்லாவற்றையும் மகளின் குசினி மேசையில் பரப்பி வைத்து, எதை எந்த நாளிலிருந்து கொடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேலையிலும் ஒரு மாதம் லீவு கேட்டாயிற்று. கேட்டுக்கொண்டே இருந்த பிரசாந்தினி கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக் கூடாது."

"சொல்லு பிள்ளை."

"பிள்ளை பிறந்து முதல் ரெண்டு கிழமை நாங்கள் தனிய இருக்கப் போறம். ஆரனுக்கு லீவு இருக்கு. ஹெபாமே நாளாந்தம் வீட்டுக்கு வருவா. நீங்கள் அதுக்குப் பிறகு வாங்கோ."

ஹெபாமே என்றால் மருத்துவிச்சி. முன்பின் தெரியாத மருத்துவிச்சி வரலாம், தாய் வரக்கூடாது.

"அவ வந்தா அரை மணித்தியாலத்தில போயிடுவா" என்றாள் பிரசாந்தினி, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு. "நீங்கள் வந்தா இது உங்கட வீடாப் போயிடும் அம்மா. நான் உங்கட வீட்டில படுத்திருக்கிற மாதிரி இருக்கும்."

மனோகரி சரக்குகளை மறுபடியும் பைக்குள் போட்டாள். மகள் அழத் தொடங்கியபோது "இதுக்கேன் அழுறாய், டொக்டர்மாரும் இப்ப அப்பிடித்தானே சொல்லீனம்" என்று அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். ரயிலில் பீலுக்குத் திரும்பும்போது அவளுடைய கைகள் பையின் காதை முடிந்து முடிந்து அவிழ்த்தன. கடிகாரத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிற கைகள். சும்மா இருக்கத் தெரியாதவை.

அந்தக் கிழமைதான் நடைக்குழுச் சினேகிதி ஊர்சுலா, வியட்நாம் பயணத்திலிருந்து ஒருவர் விலகிவிட்டார், ஓர் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டாள். மனோகரி உடனே சரி என்றாள். பிள்ளைப்பெறு பார்க்க மகள் கூப்பிடாத தாய் என்று பெயர் எடுப்பதைவிட, மகளை விட்டுவிட்டு மலை ஏறப் போன தாய் என்று பெயர் எடுப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. இரண்டாவதில் குற்றம் அவளுடையது. தாங்கிக்கொள்ளலாம்.

நடைக்குழுவில் அவள் சேர்ந்தது சீனி வருத்தத்தால். நட என்று டாக்டர் சொன்னார். சண்முகநாதன் நடப்பது பஸ் தரிப்பிடம் வரைக்கும்தான். தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் வேலை செய்து ஓய்வு பெற்றிருந்த ஊர்சுலா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஏரிக்கரைத் திராட்சைத் தோட்டங்கள் வழியாகக் கூட்டிப் போனாள். மனோகரி முழுக் குழுவுக்கும் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனாள். மத்தியானம் ஆனதும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கல்லில் உட்கார்ந்து, அவரவர் முதுகுப்பையிலிருந்து அவரவர் பாண் துண்டை எடுத்துத் தின்றார்கள். யாரும் யாருக்கும் நீட்டவில்லை. மனோகரி எழுந்து ஒவ்வொரு கல்லாகப் போய்ப் பரிமாறினாள். வேண்டாம் என்றவர்களுக்கும் வைத்தாள். பீட்டர் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் சம்பலின் உறைப்பில் கண்ணீர் விட்டபடி நன்றி சொன்னார். அடுத்த ஞாயிறும் கட்டிப் போனாள். மூன்றாவது ஞாயிறு அவர்கள் பாண் கொண்டுவருவதை நிறுத்தினார்கள். தான் வென்றுவிட்டதாக மனோகரி நினைத்தாள்.

புரட்டாசிக் கடைசியில் அவர்கள் ஆறு பேர் ஹனோயில் இறங்கி, இரவு முழுவதும் ஒரு வேனில் வடக்கே போய், விடியும்போது மலைகளுக்கு நடுவில் நின்றார்கள்.

மலை முழுவதும் வரப்பாக இருந்தது. அடிவாரத்தில் ஓடிய ஆற்றிலிருந்து முகில் தொடும் இடம் வரைக்கும் வயலுக்கு மேல் வயல். சில வயல்கள் ஒரு பாய் அகலம்தான் இருந்தன. நெல் பழுத்துக் கிடந்தது. சில இடங்களில் அறுத்துவிட்டு, கதிரைப் பெரிய மரப்பெட்டிகளின் ஓரத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எதிர் மலையில் பட்டுக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது. மேல் வயலின் தண்ணீர் மூங்கில் குழாய் வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கியது.

"உனக்கு இதெல்லாம் பழக்கமாக இருக்கும்" என்றார் பீட்டர் ஜெர்மனில். "இது எந்த வகை நெல்?"

"தெரியாது" என்றாள் மனோகரி. அவளுடைய தகப்பன் யாழ்ப்பாண டவுனில் தபால் கந்தோரில் இருந்தவர். வயல் என்பது அவளுக்குப் பஸ் ஜன்னலில் ஓடி மறைவது.

"அப்படியானால் உன் அப்பாவும் நானும் ஒரே தொழில்" என்று பீட்டர் சந்தோஷப்பட்டார். நெல்லை மறந்துவிட்டார்.

வழிகாட்டியின் பெயர் மாய். அந்த மலைப்பக்கத்துப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். அவுரிச் சாயம் ஊறி விரல்கள் நீலமாக இருந்தன. சுற்றுலாக்காரர்களிடம் கற்ற ஆங்கிலத்தை வேகமாகப் பேசினாள். வழியில் கூடை சுமந்து வந்து சேர்ந்துகொண்ட பெண்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். என்ன வயது? எத்தனை பிள்ளைகள்? எந்த நாடு? மனோகரி சுவிட்சர்லாந்து என்றாள். அவர்கள் ஊர்சுலாவைப் பார்த்தார்கள், மனோகரியைப் பார்த்தார்கள், ஒருத்தியின் தோளில் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். மாய் மொழிபெயர்த்தாள்: "அவர்கள் சொல்கிறார்கள், நீ நன்றாகப் பகிடி விடுகிறாயாம்."

வரப்பில் நடப்பது ஐரோப்பிய மலைப்பாதை போல இல்லை. ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் ஆள் உயரப் பள்ளம். பீட்டர் முதல் நாளே இடுப்புவரை ஒரு வயலுக்குள் போனார். மனோகரிக்கு முழங்கால் வலித்தது. ஆனால் மூச்சு நன்றாக வந்தது. மகளை நினைக்காமல் நூறு அடி நடக்க முடிந்தது, பிறகு இருநூறு.

ஒவ்வொரு ஊரிலும் மாய் அவர்களை ஏதாவது ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மண் தரை, நடுவில் அடுப்பு, பரணில் சோளம். இங்கேதான் மனோகரி மற்ற ஐவரையும்விடக் கெட்டிக்காரியாக இருந்தாள். ஊர்சுலா வாசலில் நின்று, வரலாமா என்று கேட்டு, வாருங்கள் என்ற பிறகும் ஒரு தரம் மாயைப் பார்த்து, பிறகுதான் காலை வைப்பாள். மனோகரி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்க் குந்தி, உரித்துக்கொண்டிருக்கிற பயற்றங்காயை உரிக்கத் தொடங்கிவிடுவாள். வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள், நகர்ந்து இடம் கொடுப்பார்கள். மற்றவர்கள் சுவரோரம் வரிசையாக நின்று படம் எடுப்பார்கள். இந்த வெள்ளைக்காரருக்கு ஒரு வீட்டுக்குள் போகத் தெரியாது என்று மனோகரி பெருமையோடு நினைத்தாள்.

மூன்றாம் நாள் தூறல். பாதை வழுக்கியது. ஊர்சுலாவின் சப்பாத்தின் அடி பிய்ந்து தொங்க, மாய் அதைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பக்கத்தில் நின்றார்கள். "நான் மெல்ல மெல்ல முன்னால் போகிறேன்" என்று சொல்லிவிட்டு மனோகரி தனியே ஏறினாள். வளைவில் ஒரு வீடு தெரிந்தது.

வாசல் நிலையில் ஒரு கொத்துப் பச்சை இலை கட்டியிருந்தது. புதிதாக ஒடித்த இலை, மழையில் பளபளத்தது. அதைக் கண்டதும் மனோகரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாசலில் பச்சை இலை என்றால் உள்ளே நல்ல காரியம். கலியாணமோ, குடிபூரலோ. அவள் கலைந்த தலைமயிரைக் கையால் ஒதுக்கினாள், சேறு அப்பிய சப்பாத்தைக் கழற்றினாள், "ஆர் உள்ளுக்கை?" என்று பழக்கத்தில் தமிழிலேயே குரல் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

இருட்டுக்குக் கண் பழகக் கொஞ்ச நேரம் எடுத்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெண் பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். இருபது வயது இருக்கலாம். மார்பில் ஒரு குழந்தை. இரண்டு கை அளவுதான் இருந்தது.

"ஐயோ, என்ர குஞ்சு" என்றாள் மனோகரி.

அருகில் போய்க் குந்தினாள். பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள், சுவர்தான் இருந்தது. அவள் கூச்சப்படுகிறாள் என்று மனோகரி நினைத்தாள். குழந்தையின் தலையைத் தாங்கிய கையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டாள். கன்னத்தைத் தொட்டாள். பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை வாயை எடுத்துவிட்டு அழத் தொடங்கியது.

பின்வாசலில் விறகு விழும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் மாமியார்க்காரி வந்து நின்றாள். மனோகரியின் வயதுதான் இருக்கும். அவள் கத்தியதில் ஒரு சொல்லும் மனோகரிக்கு விளங்கவில்லை, ஆனால் எல்லாம் விளங்கியது. தோளில் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்து அவளை வெளியே விட்டாள். வாசலில் கிடந்த சப்பாத்தையும் எடுத்துச் சேற்றில் வீசினாள்.

மாய் ஓடிவந்தபோது மனோகரி மழையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். மாய் இலையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், தலையில் கை வைத்தாள்.

"இலையைக் காணவில்லையா?"

"கண்டுதான் போனேன்."

"கண்டு போனாயா!"

மாய் வாசலில் நின்று நீண்ட நேரம் பேசிவிட்டுத் திரும்பி வந்து சொன்னாள். பிள்ளை பிறந்து ஒரு மாதம் முடியும்வரை வெளியார் அந்த வீட்டுக்குள் போகக் கூடாது. வராதே என்பதற்குத்தான் இலை. வந்தவர் திரும்பிப் போகும்போது தாயின் பாலும் அவர் பின்னால் போய்விடும் என்பது அந்த வீட்டாரின் நம்பிக்கை.

"எங்கள் ஊரில் இலை கட்டினால் வா என்று அர்த்தம்" என்றாள் மனோகரி. சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மாவிலைதான் வா என்று சொல்லும். அம்மாள் வருத்தம் கண்ட வீட்டில் வேப்பிலை செருகியிருந்தால் சின்னப் பிள்ளைகூட உள்ளே போகாது. இலையைக் கண்டதும் அது தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று ஏன் முடிவு கட்டினாள்?

உள்ளே குழந்தை விடாமல் அழுதது.

பின்னால் வந்து சேர்ந்த பீட்டர் தயவாகத்தான் சொன்னார். "இது மூடநம்பிக்கை. ஏதாவது கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம். பால் எங்கேயும் போகாது."

"பயந்தால் போகும்" என்றாள் மனோகரி.

அவளுக்குத் தெரியும். பிரசாந்தினி பிறந்தபோது அவர்கள் பீலுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில், அகதிகளுக்கென்று ஒதுக்கிய பழைய வீட்டில் இருந்தார்கள். அறைக் கதவுக்குப் பூட்டு இல்லை. ஊர்ச் சபையிலிருந்து ஃப்ராவ் கெர்பர் என்ற அம்மா தினமும் காலையில் வருவார். தட்டமாட்டார். கையில் சூப்போ, பிள்ளைக்குக் கம்பளிச் சட்டையோ இருக்கும். மனோகரி பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவர் நேரே வந்து, பிள்ளையின் தலையை இப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுடைய கையைத் திருத்துவார். மனோகரி சேலையை இழுத்து மூடிக்கொண்டு சிரிப்பாள், டாங்கே டாங்கே என்று நன்றி சொல்வாள். எத்தனை நல்ல மனுசி. அந்த மனுசியின் காலடி படியில் கேட்டதும் மார்பு கல்லாகிவிடும். பிள்ளை வாயை எடுத்துவிட்டு அழும். அந்த நாட்களில் மனோகரி கடவுளிடம் வேறெதையும் கேட்கவில்லை. கதவுக்கு ஒரு கொளுக்கி கேட்டாள்.

இவ்வளவு காலமும் ஃப்ராவ் கெர்பரை அவள் நன்றியோடு மட்டும்தான் நினைத்திருந்தாள்.

"என்ன செய்ய வேண்டும் என்று கேள்" என்றாள் மாயிடம்.

செய்ய வேண்டியது இருந்தது. எடுத்தவள் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறொரு வீட்டு அடுப்பில் தன் கையால் சோறு சமைத்து, படியைத் தாண்டாமல் வாசலில் கொடுக்க வேண்டும். தாய் அதைச் சாப்பிட்டு, குழந்தை பால் குடிக்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது.

இரவு தங்க வேண்டிய வீடு கீழே அரை மணி நடைதான். ஊர்சுலா மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது தன் மழைக்கோட்டைக் கழற்றி மனோகரியின் தோளில் போட்டாள்.

அடுத்த வீட்டுக்காரி அடுப்பைக் கொடுத்தாள், புது அரிசியும் கொடுத்தாள். மனோகரி சோறு சமைத்த விதத்தைப் பார்க்க இன்னும் மூன்று வீட்டுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அவள் பானை நிறையத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, அரிசியைப் போட்டு, வெந்ததும் வடிக்கலாம் என்று மூடியைத் தேடினாள். அதற்குள் அந்த அரிசி கரைந்து கூழாகிவிட்டது. வடிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஒருத்தி கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னவாம்?"

மாய் தயங்கினாள். "உன் நாட்டில் யாருக்கும் பல் இல்லையா என்று கேட்கிறாள்."

"பிள்ளை பெத்தவளுக்குக் குழைவுதான் நல்லது எண்டு சொல்லு" என்று மனோகரி தமிழிலேயே சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். அது அவர்களுக்கும் சரியாகப் பட்டது போல. ஒருத்தி கொஞ்சம் உப்புப் போட்டாள்.

கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் இலை கட்டிய வாசலுக்குப் போனாள். மாமியார்க்காரி உள்ளே, நிலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். மனோகரி இந்தப் பக்கம்.

"அக்கா, தெரியாமல் வந்திட்டன்" என்றாள் மனோகரி.

அவளும் தன் மொழியில் ஏதோ சொன்னாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

கூரைத் தாழ்வாரத்தின் கீழ் ஒரு கல் இருந்தது. மனோகரி அதில் உட்கார்ந்தாள். குழந்தை அழுகையை நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருந்தது. பசியில் அழுகிற அழுகை, மார்பைப் பிடித்து விட்டு விட்டு அழுகிற அழுகை. எப்படிப் பிடித்தால் சரிவரும் என்று மனோகரியின் இரண்டு கைக்கும் தெரிந்திருந்தது. எழும்பினாள். மாய் அவளுடைய கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார்த்தினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழும்பினாள். மாய் மறுபடியும் இழுத்தாள்.

"தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லட்டுமா? இங்கிருந்தே சொல்கிறேன்."

"சொல்லாதே."

"ஒரே ஒரு சொல்."

"அவள் தன் பிள்ளையைத் தானே பிடிப்பாள்" என்றாள் மாய்.

கீழே வயல்களில் ஆட்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். பெட்டியில் கதிர் அடிக்கும் சத்தம் ஒவ்வோர் இடமாக நின்றது. மனோகரி கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டாள். வாழ்க்கையில் ஓர் அழுகையைக் கேட்டுக்கொண்டு இப்படிச் சும்மா இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. உடம்பெல்லாம் நொந்தது.

பிறகு அழுகை கேட்கவில்லை. நின்று மறுபடி தொடங்கும் என்று காத்திருந்தாள். தொடங்கவில்லை. தாழ்வார நீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

மாமியார்க்காரி வெளியே வந்தாள். வெறும் கிண்ணத்தைக் கல்லில் கவிழ்த்து வைத்தாள். வாசற்படியின் மறுமுனையில் உட்கார்ந்து, ஒரு போத்தலிலிருந்து சின்னக் கோப்பையில் ஊற்றி மனோகரியிடம் நீட்டினாள். சோளச் சாராயம். மனோகரி மாயைப் பார்த்தாள். மறுக்கக் கூடாது என்று மாயின் முகம் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். தொண்டையிலிருந்து நெஞ்சு வரைக்கும் ஒரு தீக்கோடு இறங்கியது. இருமி முடிய வெகு நேரமாயிற்று. அந்த மனுசி அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள்.

"எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறாள்."

"ஒன்று. மகள். அவளுக்கும் வருகிற மாதம் பிள்ளை பிறக்கும்."

அந்த மனுசி நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியானால் நீ ஏன் இங்கே இருக்கிறாய்?"

சுகந்தி கேட்டாள், சண்முகநாதன் கேட்டார், கோயிலில் எல்லோரும் கேட்டார்கள். அவர்களுக்கெல்லாம் மனோகரியிடம் பதில் இருந்தது. இவளிடம் பொய் சொல்லி ஆகப் போவது ஒன்றும் இல்லை.

"அவள் என்னை வரவேண்டாம் எண்டிட்டாள்" என்றாள் தமிழில். வாயிலிருந்து முதல் தரம் அந்த வசனம் வெளியே வந்தது. பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னாள். மாய் அதை மொழிபெயர்த்தாள்.

அந்த மனுசி மனோகரியை மேலிருந்து கீழே பார்த்தாள். வாசலை, இலையை, சேற்றில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். மாய்க்குச் சிரிப்பு வந்து மொழிபெயர்க்க முடியவில்லை.

"என்னவாம்? சொல்லு."

"உன் மகள் புத்திசாலி என்கிறாள். தாயை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாளாம்."

உள்ளே இருட்டுக்குள் அந்த இளம் பெண்ணும் சிரிப்பது கேட்டது. மனோகரிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது வந்த வேகத்தில் சிரிப்பாகிவிட்டது. சாராயம் காரணமாக இருக்கலாம். அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பேரன் ஐப்பசி நடுவில் பிறந்தான். ஆரன் ஆஸ்பத்திரியிலிருந்து படம் அனுப்பினான். தாயும் பிள்ளையும் பேர்ண் வீட்டுக்குத் திரும்பிய அன்று சண்முகநாதன் சேட்டு மாற்றிக்கொண்டு தயாராக நின்றார்.

"வெளிக்கிடும், போவம்."

"கூப்பிடேல்லை."

"எங்கட பிள்ளையின்ர வீட்டுக்குப் போக எங்களுக்கு அழைப்புக் காட் அடிச்சுத் தரவேணுமோ?"

"ஓம்" என்றாள் மனோகரி. ஆவணி மாதத்துப் பேச்சை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னாள். அவர் சேட்டைக் கழற்றாமலே வெகு நேரம் சோபாவில் இருந்தார். "என்னையும் சேர்த்தோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கிழமையைக் கடத்துவது கஷ்டமாக இருந்தது. பிரசாந்தினியின் குரல் தொலைபேசியில் களைத்துக் கிடந்தது. பால் சரியாக வருவதில்லை, பிள்ளை நித்திரை கொள்வதில்லை என்று சொன்னாள். மனோகரி நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "சாப்பாடு கொண்டு வந்து வாசலில வைக்கட்டோ? உள்ளுக்கு வரமாட்டன்" என்றாள். "ஓம் அம்மா, வையுங்கோ" என்றாள் பிரசாந்தினி.

சரக்குக் கறியும் சோறும் கட்டிக்கொண்டு தனியே ரயிலேறினாள். பேர்ணில் அந்தக் கட்டடத்தின் படிகளில் சத்தம் வராமல் ஏறி, பையைக் கதவின் கைபிடியில் மாட்டினாள். உள்ளே குழந்தை அழுதது. பேரனின் குரலை நேரில் கேட்பது அதுதான் முதல் தடவை. கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி இறங்கத் தொடங்கினாள். கீழ்த்தளத்தில் சலவை செய்த துணியோடு வந்த கிழவர் ஒருவர் வணக்கம் சொன்னார். அவளும் சொன்னாள்.

மேலே கதவு திறந்தது.

"அம்மா!"

தலை வாராமல், ஆரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு பிரசாந்தினி நின்றாள். தோளில் குழந்தை. மனோகரி திரும்ப ஏறி வந்து கால்மிதிக்கு இந்தப் பக்கமாக நின்றாள்.

"வந்தனீங்கள் ஒண்டும் சொல்லாமல் போறியள்?"

"வைச்சிட்டுப் போறன் எண்டுதானே சொன்னனான்."

"கோவமோ?"

"இல்லை."

"பொய்."

"கொஞ்சம்" என்றாள் மனோகரி.

பிரசாந்தினி சிரிக்கத் தொடங்கி, கண்ணைத் துடைத்தாள். குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி முகம் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள். பிடித்த விதம் சரியில்லை, தலை சாய்ந்திருந்தது. மனோகரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"ஆரைப் போல இருக்கிறான்?"

"உன்னைப் போலத்தான். முழிக்கிறதைப் பார்."

குழந்தை எதையும் பார்க்காமல் பார்த்தது. படிக்கட்டின் விளக்கு தானாக அணைந்தது. மனோகரி சுவரைத் தடவி மறுபடி போட்டாள்.

"நாளைக்கும் கொண்டு வரட்டோ?"

"ஓம்."

"மணி அடிக்கட்டோ, சும்மா மாட்டிப்போட்டுப் போகட்டோ?"

பிரசாந்தினி குழந்தையை மறுபடி தோளில் போட்டாள்.

"அடியுங்கோ" என்றாள். "ஆனா ஒருக்கா மட்டும். ரெண்டாந்தரம் அடிச்சா இவன் எழும்பிடுவான்."